மழை சனிக்கிழமையில் படம் எடுக்க எங்கே போவது?



கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணி ஒண்ணு கலக்கி வெச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. கடைசியில் உங்ககிட்ட ஒரு உதவியும் கேட்கப் போறோம்.

செப்டம்பர், அக்டோபர் வந்தாலே நம்ம வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துடும். "அண்ணா, கே.எல்-லேர்ந்து தங்கச்சி குடும்பம் வந்திருக்கு, காலையிலேர்ந்து மழை, எங்க கூட்டிட்டுப் போய் படம் எடுக்கலாம்?" போன வாரம் மட்டும் மூணு பேர் கேட்டாங்க. ஒருத்தர் புதுசா கேமரா வாங்கிய காலேஜ் பையன். ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்குற ஜோடிப் படத்துக்கு நாள் குறிச்சிட்டு மழையில் மாட்டிக்கிட்டவர். மூணாவது ஆள் நம்ம தொண்டர் ஒருத்தரோட மாமா. மூணு பேருக்கும் குழுவில் வந்த முதல் பதில் ஒண்ணுதான்: "கோவிலுக்கு வாங்க, கூரை இருக்கு!"

அந்தப் பதில் சரியா தப்பான்னு எங்களுக்குள்ளேயே பெரிய பேச்சு நடந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிடுறோம். மழைன்னா படம் எடுக்க முடியாதுன்னு நினைக்காதீங்க. ஜார்ஜ் டவுனுக்கு மழை வெளிச்சம் நல்லாவே பொருந்தும். மத்தியான வெயிலில் நம்ம ஊர் கோபுரத்தைப் படம் எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும், இன்னொரு பக்கம் கரி. சிலைகளோட முகம் எல்லாம் நிழலுக்குள்ள போயிடும். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறங்கும். பச்சை பச்சையா இருக்கும், குங்குமச் சிவப்பு அப்படியே நிற்கும். நனைஞ்ச சுதை வேலைப்பாட்டில் நிறம் இன்னும் அழுத்தமா தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: வானம் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும், அதைப் படத்தில் நிறைய சேர்த்தா கோபுரம் இருட்டிப் போகும். கிட்டப் போங்க, வானத்தை வெட்டிடுங்க. கைப்பேசியில் எடுக்குறவங்க, திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்கிட்டு எடுங்க.

நல்ல நேரம் எதுன்னா, சாயங்காலம் மழை விட்டு ஏழே கால், ஏழரை. நம்ம ஊரில் அப்போதான் பொழுது சாயும். வானம் கருநீலமா மாறும், கடை விளக்கெல்லாம் ஈரத் தார் ரோட்டில் விழும். அந்தக் கால் மணி நேரத்தை வீட்டில் சீரியல் பார்த்து வீணாக்காதீங்க.

இடத்துக்கு வருவோம். நனையாமல் நடக்கணும்னா நம்ம அஞ்சடியை விட்டா வேற என்ன இருக்கு? கடைத்தெருன்னு நம்ம பெரியவங்க சொன்ன மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஆரம்பிச்சு, பினாங்கு ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட்னு குடை இல்லாமலே பாதித் தூரம் போயிடலாம். தூண், வளைவு, தூண், வளைவுன்னு வரிசையா போகும். ஒவ்வொரு வளைவும் ஒரு சட்டம் போட்ட மாதிரி. எதிர் அஞ்சடியில் நின்னுக்கிட்டு குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவில் கோபுரத்தை மழைக் கம்பிகளுக்கு நடுவில் பாருங்க. 1833-ல் எழும்பிய கோவில், பினாங்கில் நம்ம கோவில்களிலேயே பழமையானது. 2017-லிருந்து தைப்பூசத் தங்க ரதம் புறப்படுறதும் அங்கிருந்துதான்.

அப்படியே ரெண்டு தெரு தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோவில், 1818-ல் கட்டின செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் ஒரே ரோட்டுப் பக்கம். உள்ளே போறதுன்னா அவங்க அவங்க முறை என்னன்னு வாசலில் கேட்டுட்டுப் போங்க. காசு கட்டிப் பார்க்குற இடம் வேணும்னா கூ கொங்சி இருக்கு, பெரானாக்கான் மாளிகை இருக்கு. அந்த மாதிரி பழைய சீன வீடுகளின் நடுவில் நம்ம செட்டிநாட்டு வீட்டு முற்றம் மாதிரி வானம் பார்த்த இடம் விட்டிருப்பாங்க. மழை அதற்குள் நேரா இறங்கும். நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிற தாவரவியல் பூங்கா 1884-லிருந்து இருக்கு. தூறலில் இலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். குரங்குகள் மட்டும் உங்க பையில் கண் வெச்சிருக்கும், ஜாக்கிரதை. பினாங்கு மலைக்கு ரயில் ஏறினா மேலே மேகத்துக்குள்ளேயே நிற்கலாம். அங்கேயும் நம்ம முருகன் கோவில் ஒண்ணு இருக்கு, பக்கத்திலேயே பள்ளிவாசல். மூடுபனியில் ரெண்டும் பாதி தெரிஞ்சும் பாதி தெரியாமலும் நிற்கும். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலின் 513 படியையும் ஈரத்தில் ஏறலாம், மெதுவா, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு. கேமராவைப் பார்த்துக்கிட்டே படி இறங்காதீங்க.

பெர்ரியை மறந்துட்டோம். மழை மேகத்துக்குக் கீழே கடலில் இருந்து நம்ம ஊரைப் பார்க்கிறதே தனி. காடியை ஏத்திக்கிட்டுப் போன பழைய ரெண்டு மாடி பெர்ரிகள் போயிடுச்சு. 2023 ஆகஸ்டிலிருந்து புதுசா வந்ததுதான் ஓடுது. இந்த இடத்தில் ஒரு கேள்வி. அந்தப் பழைய பெர்ரியில் நாம எத்தனை தரம் போயிருப்போம்? அதோட மரப் பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கின படம் உங்க வீட்டில் ஒண்ணாவது இருக்கா? எங்களில் பாதிப் பேர்கிட்ட இல்லை. இந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிள் ஓட்டுற அக்கா தம்பி சுவரோவியத்தைச் சொல்லலையேன்னு கேட்பீங்க. 2012-ல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்கிற லிதுவேனிய நாட்டு ஓவியர் வரைஞ்சது. நல்ல வேலைதான், குறை சொல்லல. ஆனா கூரை கிடையாது, வரிசையில் நனையணும், கடைசியில் உங்க படமும் முன்னாடி நின்னவர் படமும் ஒண்ணாத்தான் இருக்கும்.

இப்போ நம்ம கோவில் விஷயம்.

மழை பெய்யுற சனி ஞாயிறில் எங்களுக்கு வேலை ரெட்டிப்பு. வாசலில் குடை, தரையில் ஈரம், மாப்பு போட்டுக்கிட்டே இருக்கணும். மழைக்கு ஒதுங்க வர்றவங்களில் பாதிப் பேர் கையில் கேமரா. வரட்டும். கோவில் கூரைக்குக் கீழே நிற்க நாங்க யாரையும் வேணாம்னு சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம். ஆனா போன வருஷ மழைக்காலத்தில் ஒண்ணு நடந்தது. அதை வெளியில் சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சு, சொல்லிடலாம்னு முடிவு பண்ணோம். ஏன்னா தப்பு வந்தவங்க பண்ணல, நாங்க பண்ணது.

ஒரு சனிக்கிழமை, சாயரட்சை பூஜை நேரம். வெளியில் கொட்டுது. எங்க தொண்டர் தம்பி ஒருத்தன் கோவில் பக்கத்துக்காகப் படம் எடுத்துக்கிட்டிருந்தான். அம்மன் சன்னிதிக்கு முன்னாடி ஒரு அக்கா. நனைஞ்ச முந்தானை, கையில் நெய் விளக்கு, கண்ணை மூடி நிற்கிறாங்க. கன்னத்தில் கண்ணீர். விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம், வாசலில் இருந்து மழை வெளிச்சம் இன்னொரு பக்கம். சத்தியமா சொல்றோம், அவ்வளவு அழகான படம். "அம்மா இருக்க பயமேன்" மாதிரி ஏதோ ஒரு வரி போட்டு அன்றைக்கு ராத்திரியே பக்கத்தில் ஏத்திட்டோம். லைக் குவிஞ்சது. நாங்களும் மார்தட்டிக்கிட்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த அக்கா வந்தாங்க. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக்கூட எங்களுக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு ரிப்போர்ட் வாங்கிக்கிட்டு நேரா கோவிலுக்கு வந்திருந்தாங்க அன்னைக்கு. வீட்டில் யாருக்கும் சொல்லல. பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்திருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து நாத்தனார், ஓரகத்தி, கூட வேலை செய்றவங்கன்னு எல்லாரும் போன் போட்டு "ஏன் அழுதே, என்ன ஆச்சு"ன்னு கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. பையனும் படத்தைப் பார்த்துட்டான்.

"தம்பி, நான் அம்மன்கிட்ட மட்டும்தான் சொல்ல வந்தேன்" அப்படின்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

படத்தை அப்போதே எடுத்துட்டோம். எடுத்து என்ன பிரயோசனம்? எத்தனையோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சுக்கூட யாரோ "இன்றைய பக்திப் படம்"னு எங்களுக்கே அனுப்பினாங்க. அந்த அக்கா கொஞ்ச நாள் நம்ம கோவில் பக்கம் வரல. இப்போ வர்றாங்க. ஆனா முன்னாடி சன்னிதிக்கு நேரா நிற்பாங்க, இப்போ தூணுக்குப் பின்னாடி நிற்கிறாங்க. (இதை எழுத அவங்ககிட்ட அனுமதி கேட்டோம். பேர் வேணாம், அடையாளம் வேணாம், எழுதுங்கன்னு சொன்னாங்க.)

அதுக்கப்புறம் எங்களுக்குள்ள நடந்த பேச்சில், கேமராவையே தடை பண்ணிடலாம்னு ஒரு கட்சி. தமிழ்நாட்டில் அப்படித்தான் ஆகியிருக்கு. 2022 டிசம்பரில் திருச்செந்தூர் கோவில் சம்பந்தமான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாநிலத்துக் கோவில்களில் கைப்பேசிக்குத் தடை போடச் சொல்லி உத்தரவு போட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலில் அதுக்கு முன்னாடியே கைப்பேசியை உள்ளே விடுறதில்லை. யாழ்ப்பாணம் நல்லூரிலும் உள்ளே படம் எடுக்க முடியாது. அங்கே எல்லாம் அது சரியாத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் கூட்டம், சாமி முன்னாடி நின்னு செல்ஃபி, நகராமல் நிற்கிறது. நாங்களும் போய்ப் பார்த்திருக்கோம்.

ஆனா நம்ம கோவிலுக்கு அது ஒத்துவரும்னு எங்களுக்குத் தோணல. ஒண்ணு, போனை வாங்கி வெச்சு டோக்கன் கொடுக்க நமக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. இன்னொண்ணு முக்கியம். நம்ம பிள்ளைகள் சிங்கப்பூர், மெல்பர்ன், லண்டன்னு கிடக்குதுங்க. நடக்க முடியாத பாட்டி வீட்டில் படுத்திருப்பாங்க. வெள்ளிக்கிழமை அலங்காரத்தை வாசலில் இருந்து எடுத்து அனுப்பினா அந்தக் கிழவி கையெடுத்துக் கும்பிடுறாங்க. அதை நாம எதுக்குத் தடுக்கணும்? பத்துமலையில் 272 படிக்கும் 2018-ல் வண்ணம் அடிச்சாங்க. அந்தப் படியைப் படம் எடுக்கவே உலகத்தில் இருந்து ஆள் வருது. அது நல்லதா கெட்டதான்னு வாதம் பண்ணிக்கிட்டே இருக்கலாம், கேமரா மட்டும் வந்தாச்சு, திரும்பிப் போகாது.

கருவறை விஷயத்தில் பேச்சே இல்லை. மூலவரைப் படம் எடுக்கிறது கிடையாது. தீபாராதனை நேரத்தில் ஃபிளாஷ் கிடையாது. கையில் கற்பூரத் தட்டோட நிற்கிற குருக்கள் கண்ணில் பளிச்சுன்னு அடிச்சா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. கோபுரம், கொடிமரம், மண்டபத் தூண், விதானத்து ஓவியம், மணி, வாகனங்கள், மழைத்தண்ணி வடியுற கல்தாழ்வாரம், எல்லாம் எடுங்க, நிதானமா எடுங்க. எங்களைக் கேட்டா, எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெளிச்சம் விழும்னு சொல்றோம்.

மனுஷங்க முகம் என்றால் மட்டும், கேட்டுட்டு எடுங்க. எடுத்த பிறகு கேட்கிறதில் அர்த்தம் இல்லை. எடுக்கிறதுக்கு முன்னாடி. சாமி கும்பிட்டுக்கிட்டிருக்கிறவங்ககிட்ட கேட்கவும் கேட்காதீங்க, கும்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் அந்த அழகு போயிடுமே என்கிறீங்களா? போகட்டும்.

இதை நாங்க ஏதோ நாகரிகப் பாடம் மாதிரி சொல்லல. நம்ம இனத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கு. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னாடி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைக்காரங்க ஊருக்கு அனுப்பின தபால் அட்டைகளைப் பார்த்திருக்கீங்களா? பழைய பொருள் கடையிலும் ஏலத்திலும் இன்னைக்கும் வருது. மூக்குத்தி போட்ட நம்ம பொம்பளைங்க, தோடு போட்ட பாட்டிங்க, மாட்டு வண்டிக்காரர், தோட்டத்துப் பிள்ளைங்க. கீழே அச்சில் போட்டிருக்கும்: "கிளிங் பெண்", "தமிழ்க் கூலி". அந்த முதல் சொல் இன்னைக்கும் நமக்கு எப்படிக் குத்தும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேர் இருக்காது. எந்த ஊர், யார் மகள், யார் பாட்டி, ஒண்ணும் இருக்காது. அவங்க அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்திருப்பாங்களான்னே சந்தேகம். எங்களில் ஒருத்தர் அப்படி ஒரு அட்டையை வாங்கி வந்து காட்டினார். முகம் அப்படியே அவரோட அத்தை முகம். அத்தையோட பாட்டியா இருக்கலாம், வேற யாரோவாவும் இருக்கலாம், கண்டுபிடிக்க வழியே இல்லை. "வண்ணமயமான பினாங்கு"ன்னு போட்டு, கண்ணை மூடிக் கும்பிடுற நம்ம அக்கா தங்கச்சி படத்தை இன்னைக்கு ஏத்துறப்போ எங்களுக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வருது. நாங்க போட்ட படத்திலும் பேர் இல்லை, பாருங்க.

கேட்டு எடுத்தா என்ன நடக்கும்னும் சொல்றோம். நம்ம தெருமுனையில் பூக்கட்டுற தாத்தாவை அந்தத் தம்பிதான், அதே தம்பிதான், இந்த வருஷம் கேட்டு எடுத்தான். முதலில் "சட்டை மாத்திட்டு வர்றேன் இரு"ன்னு போயிட்டார். வந்து விறைப்பா நின்னார். நல்லாவே இல்லை. அப்புறம் மழை வலுத்தது, வாங்குறதுக்கு ஆள் இல்லை, உட்கார்ந்து கட்ட ஆரம்பிச்சார், பேச ஆரம்பிச்சார். வாழைநாரை எப்படி ஊறவைக்கிறது, மழைக்காலத்தில் மல்லிகை விலை ஏன் ஏறுது, முன்னாடி இந்த வரிசையில் மேல் மாடியில் எத்தனை குடும்பம் இருந்தது, எல்லாம் சொன்னார். அந்தப் பேச்சுக்கு நடுவில் எடுத்ததில் ஒண்ணு அற்புதமா வந்தது. கைதான் தெரியும், பாதி முகம், பின்னாடி மழை. 4ஆர் அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். கடைக் கண்ணாடியில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வெச்சிருக்கார். வாடிக்கையாளர்கிட்ட எல்லாம் காட்டுறார். பிரிண்டுக்குச் செலவு ஒரு வெள்ளி சொச்சம்.

மேல் மாடிக் குடும்பம்னு சொன்னார் இல்லையா, அதைக் கொஞ்சம் பேசணும். உங்களில் நாற்பது தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முடிஞ்சப்போ, கடைவீடுகளில் கொஞ்ச வாடகைக்கு இருந்த குடும்பங்கள் எல்லாம் ஆயர் ஈத்தாம், கெலுகோர், பட்டர்வொர்த்னு கலைஞ்சு போச்சு. 2008-ல் யுனெஸ்கோ உலக மரபு நகரம்னு அறிவிச்சப்போ கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது, ஆனா அதில் குடியிருந்தவங்களில் நிறையப் பேர் அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அன்றைக்குக் கேமரா வெச்சிருந்தவங்க குறைவு. இன்னைக்கு எல்லார் கையிலும் இருக்கு, ஆனா எல்லாரும் அதே சைக்கிள் சுவரைத்தான் எடுத்துக்கிட்டிருக்கோம். மசாலா அரைக்கிற மெஷின்காரர், அஞ்சடியில் தையல் மெஷின் போட்டிருக்கிறவர், பாட்டு சிடி விற்கிற கடை, இதெல்லாம் இன்னும் எத்தனை வருஷம்? மழை நாளில் இவங்களுக்கு வியாபாரம் மந்தம். பேச நேரம் இருக்கும். கேமரா வாங்கிய அந்தக் காலேஜ் தம்பிக்கு நாங்க சொன்ன உண்மையான பதில் இதுதான்: கோவிலுக்கு வா, கும்பிடு, அப்புறம் அஞ்சடியில் இறங்கி ஒரு கடையில் போய் உட்கார். ரொட்டி சானாய் ஆர்டர் பண்ணு. முதல் அரை மணி நேரம் கேமராவை வெளியில் எடுக்காதே.

இன்னொரு சின்ன விஷயம். ஏர்கோன் போட்ட காடியில் இருந்தோ ஹோட்டலில் இருந்தோ இறங்கின உடனே லென்ஸ் பனி மாதிரி மூடிக்கும். துடைக்காதீங்க, துடைச்சா கறைதான் படியும். பையிலேயே பத்து நிமிஷம் விடுங்க, தானா தெளியும். வீட்டுக்குப் போனதும் சிலிகா பொட்டலத்தோட டப்பாவில் மூடி வைங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிச்சா அவ்வளவுதான். இருட்டான மண்டபத்தில் முக்காலி வைக்காதீங்க, வர்றவங்க கால் தட்டும். தூணில் சாய்ஞ்சு மூச்சை அடக்கிக்கிட்டு எடுத்தாலே போதும். ஜோடிப் படம் எடுக்கிறவங்க முன்கூட்டி ஆபீஸில் சொல்லுங்க, பூஜை இல்லாத நேரம் பார்த்துத் தர்றோம். மணப்பொண்ணு மூணாவது தடவை உடை மாத்த அலுவலக அறையைக் கேட்காதீங்க. போன மாசம் ஒருத்தர் கேட்டார்.

இப்போ நாங்க கேட்கிற உதவி.

நம்ம கோவிலோட பழைய தோற்றம் எப்படி இருந்ததுன்னு சொல்ல எங்ககிட்ட நல்ல படம் ஒண்ணுகூட இல்லை. திருப்பணி, கும்பாபிஷேகம்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு மாறியிருக்கு, ஆனா மாறுறதுக்கு முன்னாடி யாரும் எடுத்து வைக்கல. போன வருஷம் ஒரு குடும்பம் அவங்க அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வந்தாங்க. எழுபதுகளில் நம்ம மண்டபத்தில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை, பொண்ணு, சொந்தக்காரங்க எல்லாரும் வரிசையா நிற்கிறாங்க. எங்க கண்ணு அவங்க தலைக்கு மேலே போயிடுச்சு. பழைய தகரக் கூரை! அதோட மரத் தூண், இப்போ மடப்பள்ளி இருக்கிற இடத்தில் ஒரு கிணறு. கிணறு இருந்ததுன்னு பெரியவர் ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பார், நாங்க யாரும் நம்பல. படத்தில் ஓரத்தில் கயிறும் வாளியும்கூட இருக்கு.

அந்த மாதிரி உங்க வீட்டில் கண்டிப்பா இருக்கும். காதுகுத்து, பெயர் சூட்டு, தைப்பூசக் காவடி, நவராத்திரி, அன்னதானப் பந்தி. படம் மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, யாரோ கண்ணை மூடியிருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கு வேணுங்கிறது பின்னாடி தெரியுறதுதான். ஆல்பத்தை எங்ககிட்ட விட்டுட்டுப் போக வேணாம். கோவில் ஆபீஸில் ஸ்கேனர் இருக்கு, நீங்க பக்கத்தில் இருக்கும்போதே எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம். படத்தில் இருக்கிறவங்க பேரை மட்டும் தெரிஞ்சவரைக்கும் சொல்லுங்க, ஒரு நோட்டில் எழுதிக்கிறோம். எழுத ஆரம்பிச்ச நோட்டில் இதுவரைக்கும் நாற்பத்தி ஒரு பேர் இருக்கு. அவங்க ஒத்துக்கிட்டாத்தான் பக்கத்தில் போடுவோம், இல்லைன்னா கோவில் அலமாரியிலேயே இருக்கும்.

எங்க தரப்பில் இருந்து ஒண்ணு. இனிமே கோவில் பக்கத்தில் யார் முகமும் கேட்காமல் வராது. ஏற்கனவே போட்டதில் உங்க படமோ உங்க பிள்ளை படமோ இருந்து, வேணாம்னு நினைச்சா, காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வரி அனுப்புங்க, அன்றைக்கே எடுத்துடுவோம். பழைய பதிவுகளை நாங்களே உட்கார்ந்து பார்த்துக்கிட்டும் வர்றோம். 2019 வரைக்கும் முடிச்சிருக்கோம்.

சனிக்கிழமை காலை பத்து மணியில் இருந்து ஆபீஸில் ஆள் இருப்போம். மழை வரும்போலத்தான் இருக்கு. ஆல்பத்தைப் பிளாஸ்டிக் பையில் ரெண்டு சுத்து சுத்திக் கொண்டு வாங்க. குடையை வாசல் தொட்டியில் வைங்க, போறப்போ உங்க குடையைப் பார்த்து எடுத்துட்டுப் போங்க. போன வாரம் ஒரு கறுப்புக் குடை மாறிப் போயிடுச்சு, மரக் கைப்பிடி, எடுத்தவங்க தயவுசெய்து கொண்டு வந்து கொடுத்துடுங்க, அது குருக்களோடது.